முந்திரிக் கடை வாசலில் இரண்டாவது தராசு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம், அதாவது என் முழங்காலையும் அவளுடைய கோபத்தையும் கணக்கில் எடுக்காவிட்டால். அங்கே நீ, மாப்பிள்ளை, வாண்டு மூன்று பேரும் நலம் என்று நீ போனில் சொன்னதை நம்புகிறேன், ஆனால் நீ பேசும்போது பின்னால் ஓர் இருமல் கேட்டதே, அது யாருடையது என்று நீ சொல்லவில்லை. வாண்டுவினுடையது என்றால் கடற்கரைக் காற்றில் தொப்பி இல்லாமல் விடாதே. அம்மாவின் கோபத்துக்குக் காரணம் நம் தெருவில் காய் விற்கும் அம்மாள். போன வாரம் அவள் கொடுத்த தக்காளியை நான் உள்ளே எடுத்துப் போய் நம் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன், அது அவளுக்குத் தெரிந்துபோய்விட்டது. இப்போது வண்டியை நம் வீட்டுக்கு முன்னால் நிறுத்துவதில்லை, இரண்டு வீடு தள்ளிப் போய்த்தான் கூவுகிறாள். தக்காளி எடை சரியாகத்தான் இருந்தது, அதைச் சொன்னால் அம்மாவுக்கு இன்னும் கோபம் வருகிறது.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறார் என்று நினைப்பாய். காரணம் கடைசியில் வரும், பொறுமையாகப் படி. பதிவுத் தபாலில்தான் அனுப்புகிறேன். உறையை ஒட்டிய இடத்தில் குறுக்கே கையெழுத்துப் போட்டிருக்கிறேன், கோடு விலகியிருந்தால் யாரோ பிரித்துப் படித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சிரிக்காதே. முப்பத்திரண்டு வருஷம் எடை முத்திரை ஆய்வாளராகக் கடை கடையாக ஏறி இறங்கியவனுக்கு வேறு எப்படிப் புத்தி போகும்? பத்து நாள் கடற்கரை ஊர்களைச் சுற்றப் போகிறோம், எங்கே என்ன வாங்கலாம் சொல்லுங்கள் அப்பா என்று கேட்டாய். அந்தக் கரையில் நான் ஐந்து வருஷம் வேலை பார்த்தேன். எங்கே வாங்கக் கூடாது என்று கேட்டிருந்தால் சுலபமாக எழுதிவிடலாம். எங்கே வாங்கலாம் என்று எழுதத்தான் கை வரவில்லை.

முதலில் ரயில் நிற்கிற பெரிய ஊர். அங்கே துணிக்கடைத் தெரு பார்க்க ஜோராக இருக்கும், போய்ப் பார், கண்ணுக்கு வரி கிடையாது. துணி வாங்கினால் மட்டும் அளக்கிறவன் முகத்தைப் பார்க்காதே, கட்டைவிரலைப் பார். ஊர் எது, ஊரில் மழை உண்டா, குழந்தைக்கு என்ன வயசு என்று அவன் கேட்டுக்கொண்டே இருப்பான், நீ பதில் சொல்லிக்கொண்டே இருப்பாய், அதற்குள் துணியை இழுத்துப் பிடித்து மீட்டருக்கு ஒரு விரல் விழுங்கிவிடுவான். பேச்சை நிறுத்திவிட்டு விரலையே பார்த்தால் அவனும் பேச மாட்டான், துணியும் தளர்வாக வரும். ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர் ஒருவர் அநியாயத்துக்கு மரியாதையாகக் கூப்பிட்டால் உஷாராக இரு. போகிற வழியில் நம்ம மச்சான் கடை ஒண்ணு இருக்கும்மா, சும்மா பாத்துட்டுப் போங்க, வாங்கவே வேணாம் என்பார். அந்த ஊரில் எல்லா ஆட்டோக்காரருக்கும் மச்சான் உண்டு, எல்லா மச்சானுக்கும் கடை உண்டு. மாப்பிள்ளைக்கு இளகிய மனசு, யாராவது தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தால் எழுந்து வரத் தெரியாது. அவரை வெளியே நிறுத்திவிட்டு நீ உள்ளே போ.

முத்துக் கடைகள் கடலை ஒட்டிய சாலையில் வரிசையாக இருக்கும். நாங்கள்தான் முதல் கடை, வேறு கிளைகள் இல்லை என்று ஒரே மாதிரி போர்டு மூன்று கடையில் தொங்கும், அடுத்தடுத்த கடை வேறு. முத்தை முன்பல்லில் லேசாக உரசு, நறநறத்தால் முத்து, வழுக்கினால் கண்ணாடி. பல்லில் உரசக் கூடாது, எச்சில் படும் என்று கடைக்காரர் பதறினால் எதற்குப் பதறுகிறார் என்று உனக்கே புரியும். சங்கு, சிப்பி சாமான்கள் வாண்டு கேட்பான், வாங்கிக் கொடு, ஆனால் பின்பக்கம் திருப்பிப் பார், பசை வழிந்திருந்தால் வீட்டுக்கு வருவதற்குள் பெட்டிக்குள்ளேயே உதிர்ந்துவிடும். இனிப்புக் கடைகளில் அட்டைப் பெட்டியோடு சேர்த்து நிறுப்பார்கள். காலிப் பெட்டியை முதலில் தராசில் வைக்கச் சொல், அந்த நிமிஷத்தில் அவர் முகம் மாறுகிறதா பார். மீன் சந்தையில் ஐஸை உதறிவிட்டு நிறுக்கச் சொல். அத்தர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடி, அடிக்கண்ணாடி பாதி பாட்டிலுக்கு இருக்கும். ஒரே விலை என்று எழுதியிருக்கிற கடையில்தான் ஆளுக்கு ஒரு விலை.

இதையெல்லாம் விட முக்கியமாக ஒன்று. கொசுறு தாராளமாகப் போடுகிற கடையைச் சந்தேகப்படு. நிறுத்து முடித்த பிறகு ஒரு பிடி அள்ளி, இது குழந்தைக்கு என்று போடுவார்கள், நமக்கு மனசு குளிர்ந்துவிடும். எடை சரியாக இருந்தால் எதற்கு ஒரு பிடி அதிகம்? எங்கேயோ எடுத்ததைத்தானே இங்கே கொடுக்கிறான்? என் வேலைக்காலம் முழுக்க இதை ஒரு விதியாகவே வைத்திருந்தேன். இலாகாவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் இதைத்தான் சொல்லிக் கொடுத்தேன். இதை எழுதி முடித்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்கிறேன், ஏனென்றால் இனிமேல் எழுதப்போவது இந்த விதியைப் பற்றித்தான்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ ஏதோ பட்டியலைப் பார்த்துப் படித்தாய் அல்லவா, கடற்கரைக்குப் போகிறவர்கள் தவறாமல் போக வேண்டிய கடைகள் என்று. அதில் மூன்றாவதாக, கலங்கரை விளக்கம் இருக்கிற ஊரில் படகுத்துறைக்கு எதிர்ச்சந்தில் ஒரு முந்திரிக் கடை என்று படித்தாய். வயதான ஓர் அம்மாள் நடத்துகிறாராம், வாசலில் இன்னொரு தராசு வைத்திருக்கிறாராம், வாங்கியதை நாமே நிறுத்துப் பார்த்துக்கொள்ளலாமாம், அந்தக் கரையிலேயே அவ்வளவு நேர்மையான கடை கிடையாதாம். என்னப்பா, லைன்ல இருக்கீங்களா என்று கேட்டாய். லைன் சரியில்லை, அப்புறம் பேசு என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது அம்மாடி. அந்தக் கடைக்கு இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் பூட்டுப் போட்டு அரக்கு முத்திரை வைத்தவன் நான்தான்.

அப்போது உனக்கு மூன்று வயசு. நீயும் அம்மாவும் இங்கே, நான் அந்தக் கரையில் வேறோர் ஊரில் அலுவலகத்துக்குப் பின்னால் ஓர் அறையில், ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், ஜன்னலைத் திறந்தால் மீன் வாடை. கடைகளைச் சோதிக்கப் போகும்போது ஒரு தோல் பை எடுத்துப் போவேன். அதில் பித்தளைச் சோதனைக் கற்கள் ஒரு செட், பூட்டுக்குப் போட நூல், சிவப்பு அரக்குக் குச்சிகள், தீப்பெட்டி. சோதனைக் கல் என்றால் இலாகா கொடுத்த சரியான எடைக்கல், கடைக்காரருடைய கல்லை ஒரு தட்டிலும் எங்கள் கல்லை இன்னொரு தட்டிலும் வைத்துப் பார்ப்போம், முள் நடுவில் நின்றால் சரி. அன்றைக்கு நல்ல வெயில், பஸ்ஸில் இன்ஜினுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது, பையைக் காலடியில் அந்தச் சூடான தகரத்தின் மேல் வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் போனேன். கலங்கரை விளக்க ஊரில் இறங்கியதும் முதல் கடை அந்த அம்மாளுடையது. அவருக்கு அப்போது என்னைவிட ஏழெட்டு வயசு கூட இருக்கும். ஒரு குழந்தைக்கு முந்திரி நிறுத்துக் கொடுத்துவிட்டு மேலே ஒரு பிடி போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அது போதாதா? கல்லை எடும்மா என்றேன்.

ஐம்பது, நூறு, இருநூறு, ஐந்நூறு எல்லாம் முள் அசையவில்லை. ஒரு கிலோ கல்லை வைத்தேன், என் தட்டு இறங்கியது, அவர் கல் நாலு கிராம் குறைவு. இரண்டாவது தடவையும் அப்படித்தான். மற்றதெல்லாம் சரியாக இருந்து இது மட்டும் குறைந்தால் நிதானமாக இருக்கிற ஒருவன் என்ன நினைப்பான்? ஏதோ தப்பு நடந்திருக்கிறது, மறுபடி பார்ப்போம் என்று நினைப்பான். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? முந்திரியை எல்லாரும் கிலோவாகத்தான் வாங்குவார்கள், அதனால் அந்த ஒரு கல்லை மட்டும் தேய்த்து வைத்திருக்கிறார், பலே கைகாரி என்று நினைத்தேன். அந்த அம்மாள் சத்தம் போடவில்லை. சார், உங்க கல்ல ஒரு தரம் பாத்துருங்க சார் என்றார், அவ்வளவுதான். எனக்கு வந்ததே கோபம். அரசாங்கக் கல்லையே சந்தேகப்படறியா என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். கற்களை எடுத்துப் பையில் போட்டு, கதவைச் சாத்திப் பூட்டி, நூல் சுற்றி, அரக்கு உருக்கி முத்திரை வைத்து, நோட்டீஸும் ஒட்டிவிட்டுத்தான் நகர்ந்தேன்.

மத்தியானம் ஒரு மளிகைக் கடையிலும் அதே நாலு கிராம். ஒரே நாளில் இரண்டு என்று எனக்கு ஒரே குஷி. மூன்றாவது கயிறும் ஆணியும் விற்கிற கடை. அவருடைய ஒரு கிலோ கல் புதுசு, முந்தின வாரம்தான் அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார், நானே சரிபார்த்து முத்திரை குத்திக் கொடுத்தேன். அதுவும் நாலு கிராம் குறைவு. நானே முத்திரை குத்திய கல் எப்படிக் குறையும்? என் கல்லை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் கட்டைவிரல் நுனி நுழைகிற அளவுக்கு ஒரு குழி உண்டு. பஸ் சூட்டில் அரக்குக் குச்சி உருகி அந்தக் குழிக்குள் ஓடி, சிவப்பாக, வழவழவென்று, குழி இருந்த சுவடே தெரியாமல் உறைந்திருந்தது. கல்லையும் அரக்கையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு வெயிலில் போகக் கூடாது என்பது வேலையில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக் கொடுத்தது. முப்பத்திரண்டு வருஷம் எத்தனையோ ஆயிரம் பேருடைய கல்லைத் திருப்பிப் பார்த்தவன், என் கல்லைத் திருப்பிப் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

மளிகைக் கடைக்காரர் மேல் எழுதிய காகிதத்தை அங்கேயே கிழித்துப் போட்டேன். முந்திரிக் கடைக் காகிதம் பதினோரு மணிக்கே தபாலில் போயிருந்தது. அதைத் திருப்பி வாங்கியிருக்கலாம், என் தப்பு என்று நாலு வரி எழுதினால் போதும். ஆனால் காலையிலேயே மேலதிகாரிக்குப் போனிலும் பெருமையாகச் சொல்லியிருந்தேன், சாயந்திரம் அலுவலகத்துக்கு வந்தால் அவர் கூப்பிட்டு, சபாஷ், உங்க ஊருக்கு மாத்தல் கேட்டிருந்தீங்களே, இத வச்சே பேசிடறேன் என்கிறார். நான் தப்பென்று சொன்னால் விசாரணை வரும், மாற்றல் போகும், இன்னும் எத்தனை வருஷம் அந்த அறையோ. மென்று விழுங்கிவிட்டேன். உன்னைப் பார்க்கத்தான் அப்படிச் செய்தேன் என்று எழுத வந்தேன், அடித்துவிட்டேன், மேலே தெரிகிற அடித்தல் அதுதான். மூன்று வயசுக் குழந்தைமேல் பழியைப் போடக் கூடாது. பயந்துகொண்டு செய்தேன், அதுதான் உண்மை. அந்தக் கல்லைத் தோணியில் போகும்போது தண்ணீரில் போட்டுவிட்டேன் என்று பொய்யாக எழுதிக் கொடுத்து வேறு கல் வாங்கிக்கொண்டேன்.

கடை நாலு மாசம் பூட்டிக் கிடந்தது. அந்த அம்மாள் இரண்டு தடவை அலுவலகத்துக்கு வந்தார். என் கடைக் கல்லை ஒரே ஒரு தரம் நிறுத்துப் பாருங்கள், குறைந்தால் நானே கடையை எடுத்துவிடுகிறேன் என்று கேட்டார். முதல் தடவை விரட்டினேன். இரண்டாவது தடவை அவர் வருவதை ஜன்னலில் பார்த்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டேன், ஐயா வெளியூர் போயிருக்கார் என்று சொல்லச் சொன்னேன். பெஞ்சில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தார். நான் வெளியே வர முடியாமல் பழைய காகித மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டே இருந்தேன். கடை திறந்த பிறகும் யாரும் ஏறவில்லை, அந்தச் சந்தில் போகிறவர்கள் எதிர்ப் பக்கமாக ஒதுங்கிப் போனதை என் கண்ணால் பார்த்தேன். அடுத்த மாசம் எனக்கு மாற்றல் வந்தது. வீட்டுக்கு வந்தேன், நீ என்னை அடையாளம் தெரியாமல் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாய்.

வாசலில் இரண்டாவது தராசு என்று நீ படித்தபோது உனக்கு அது வியாபார சாமர்த்தியமாகப் பட்டிருக்கும். எனக்குத்தான் தெரியும் அது என்ன என்று. ஒருவன், இவள் திருடி என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனான், அதற்கு அந்த அம்மாள் இருபத்தெட்டு வருஷமாக வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். கேட்க வேண்டியவன் மட்டும் அந்தப் பக்கமே போகவில்லை.

நீ போனை வைத்த மறுநாள் பீரோவின் கீழ்த்தட்டைத் திறந்து, என் பழைய சட்டைகளுக்கு அடியிலிருந்து அந்தக் கல்லை எடுத்தேன். துணி சுற்றி வைத்திருந்தேன். இத்தனை வருஷத்தில் களிம்பு பிடித்திருக்க வேண்டும் இல்லையா? பளபளவென்று இருக்கிறது. சுற்றியிருந்ததும் நான் வைத்த துணி இல்லை, உன்னுடைய பழைய பாவாடைத் துணி. எனக்கு உடனே சந்தேகம். யார் எடுத்தது, எப்போது, யாரிடமாவது சொன்னார்களா என்று அம்மாவைக் குறுக்கு விசாரணை செய்தேன். அவள் அரிசியைப் புடைத்துக்கொண்டே, வருஷா வருஷம் பீரோவைத் துடைக்கும்போது அதையும் துடைத்துத்தான் வைக்கிறேன் என்றாள். என்னவென்று கேட்கவில்லையே என்றேன். அடியில அரக்கு இருக்குறதப் பாத்தேன், நீங்க அத ஒளிச்சு வச்சதையும் பாத்தேன், என்னிக்காவது நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன் என்றாள். ஊரெல்லாம் சந்தேகப்பட்டவன் வீட்டில் இருபத்தெட்டு வருஷமாக ஒருத்தி என்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டே சோறு போட்டிருக்கிறாள், எனக்கு ஒன்றும் தெரியவில்லை பார். அன்றைக்கு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எழுதினால்தான் நாளைக்கு நீங்க மாத்திப் பேச மாட்டீங்க, பொண்ணுக்கு எழுதுங்க என்று அவள்தான் காகிதம் எடுத்துக் கொடுத்தாள். போனில் சொல்லாமல் எழுதுகிற காரணம் அதுதான்.

கல்லைக் கூரியரில் உனக்கு அனுப்பி, நீயே அந்த அம்மாளிடம் கொடுத்துவிடு என்று சொல்லத்தான் முதலில் நினைத்தேன். கூரியர் கடை வரைக்கும் போய்விட்டேன். உள்ளே இருக்கிறவர் என்ன பொருள் என்று கேட்டார், எனக்கு அவர் மேல் நம்பிக்கை வரவில்லை, வழியில் யாராவது பிரித்துப் பித்தளை என்று எடைக்குப் போட்டுவிட்டால்? அரக்கைச் சுரண்டிவிட்டால்? திரும்பி வந்துவிட்டேன். அம்மா, கூரியர்காரர நம்பலையா, இல்ல சாக்குக் கிடைச்சா பொண்ணு தலையில கட்டிடலாம்னு போனீங்களா என்று கேட்டாள். அவள் கேட்டது சரி. அதனால் நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். டிக்கெட் எடுத்தாகிவிட்டது, அம்மாவும் வருகிறாள், நான் பாதி வழியில் இறங்கிவிடுவேன் என்று அவளுக்குச் சந்தேகம். நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டு இரண்டு பிரதி வைத்திருக்கிறேன், ஒன்று அவருக்கு, ஒன்று இலாகாவுக்கு. இலாகா என்னை என்ன செய்தாலும் செய்யட்டும். பென்ஷனுக்கு ஏதாவது வந்தால் அம்மா தக்காளியைக் குறைத்துக்கொள்கிறாளாம்.

நீங்கள் வியாழக்கிழமை அந்த ஊரில் இருப்பதாகச் சொன்னாய். காலையில் பத்து மணிக்குப் படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கிற கூண்டுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். பையை நானே பிடித்துக்கொள்வேன், மாப்பிள்ளை வாங்கிக்கொள்ள வந்தால் தடுத்துவிடு. கடைக்குள் நான் முதலில் போகிறேன். அவர் அடையாளம் கண்டுகொள்ளாவிட்டால் நான்தான் என்று சொல்வேன். அவர் வெளியே போ என்றாலும், தெருவே பார்க்கக் கத்தினாலும் நீ குறுக்கே பேசக் கூடாது, அப்பாவுக்கு வயசாகிவிட்டது, முழங்கால் வலி என்று எதையும் இழுத்து வராதே. அன்றைக்குக் கடையில் அவர் கேட்ட ஒரே ஒரு காரியம் என் கல்லை நிறுத்துப் பார்க்கச் சொன்னது. வாசலில் இருக்கிற அந்தத் தராசிலேயே அவர் கையால் வைத்துப் பார்க்கட்டும், சந்தில் போகிறவர்களும் பார்க்கட்டும்.

என்னை அவ்வளவு திட்டித் தீர்த்த பிறகும் அவர் மனசு வந்து நமக்கு முந்திரி நிறுத்துக் கொடுத்தால் ஒரு கிலோ வாங்கிக்கொள். வாங்கியதை வாசல் தராசில் வைக்காதே. அவர் வைத்துப் பார்க்கச் சொன்னாலும் வைக்காதே. மேலே ஒரு பிடி போட்டால் வாண்டுவை இரண்டு கையையும் நீட்டச் சொல்.

மூவரும் நோய் நொடி இல்லாமல், நல்லவர்கள் கண்ணில் பட்டு, நல்லபடியாக ஊர் சுற்றி வாருங்கள், இது அம்மாவின் ஆசீர்வாதமும் சேர்த்து. உறையில் கையெழுத்துக் கோடு சரியாக இருந்ததா என்பதை மறக்காமல் போனில் சொல். வாண்டுவுக்குத் தொப்பி.

இப்படிக்கு,
உன்மேல் மட்டும் ஒருநாளும் சந்தேகம் வராத
அப்பா